கீழ்வெளிச்சம்

பரேல், பம்பாய்
18 ஜனவரி 1974

அன்புத் தங்கை அஞ்சம்மாவுக்கு,

அண்ணன் தேசப்பன் சுகமாக இருக்கிறேன். நீயும் நைனாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

கலெக்டர் கையெழுத்தோடு வந்த பொங்கல் வாழ்த்து கிடைத்தது. எந்தக் கலெக்டரும் “டேய் அண்ணா” என்று தொடங்கமாட்டார். முத்திரை கும்மிடிப்பூண்டி என்றிருந்ததே, அங்கே யார் போனது?

ஒரு நல்ல சேதி. இங்கே ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனி புது ஆபீஸ் திறக்கிறது. முன்னறைச் சுவருக்குப் பத்தடி நீளத்தில் ஓர் ஓவியம் வேண்டுமாம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்களின், கப்பல்கள் பழவேற்காட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க, நம் ஆட்கள் துணிமூட்டைகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுகிற காட்சி. “அது என் ஊர்” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக எனக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறு வருஷமாகக் கடைப் பலகை எழுதியவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஜூலை முதல் தேதி திறப்பு விழா. தவறினால் வேலையை வாங்கிக்கொள்ள இன்னொருவர் தயாராக இருக்கிறார்.

முன்னால் வரும் படகில் பின்துடுப்பு பிடிக்கிறவர் நம் நைனாதான். முகம் ஒரு கையகலத்துக்கு வரும். அவரிடம் சொல். மாதிரிப் படம் இதோடு இருக்கிறது.

ஐப்பசிக்குப் பிறகு அவர் சொல்லி நீ எழுதும் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. கோபமா?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
தேசப்பன்

•

பழவேற்காடு
29 ஜனவரி 1974

ஓவியத் திலகம் அண்ணன் அவர்களுக்கு,

எதற்கும் அஞ்சாத அஞ்சம்மாள் எழுதியது. நான், நைனா, கோழி மூவரும் நலம். கோழியின் நலம் அடுத்த விருந்தாளி வரும்வரை.

படம் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அண்ணா, உன் படத்தில் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ச் சூரியன் காலையில் கடலிலிருந்து வேலைக்கு வரும், சாயங்காலம் ஏரிப் பக்கமாக வீட்டுக்குப் போகும். அதன் ஷிப்டை மாற்றியது யார்? மெமோ கொடுத்தாயா?

இன்னொன்று. ஒல்லாந்தர் என்கிறாய், ஆளுக்கொரு தொந்தியோடு நிற்கிறார்கள். பெயருக்காவது கொஞ்சம் ஒல்லியாக இருக்கக்கூடாதா?

முத்திரையைப் பார்த்துக் குழம்பாதே. இங்கே தபால் பெட்டிக்குள் தவளை குடியேறிவிட்டது. பூவராகவன் மாமா இப்போது கம்பெனி வேலைக்காகக் கும்மிடிப்பூண்டியிலேயே வீடு எடுத்துவிட்டார், ஊருக்கு வரும்போது அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீயும் கவரில் உள்ள மாமா விலாசத்துக்கே எழுது. சீக்கிரம் வரும்.

நைனாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. கடலுக்குப் போயிருக்கிறார். வந்தால் தூங்குகிறார், எழுந்தால் மறுபடி கடல். சொல்லி எழுத எங்கே நேரம்?

உடம்பைப் பார்த்துக்கொள். சூரியனையும்.
அஞ்சம்மாள்

•

பரேல்
9 பிப்ரவரி 1974

அன்புத் தங்கைக்கு,

சளி பிடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. நைனாவுக்கு முதுகுவலி எப்படி?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு வருஷமாக இங்கே சாயங்காலச் சூரியன் கடலில் விழுவதையே பார்த்திருக்கிறேன். கை தானாக நம் ஊர்க் கடலிலும் அதை இறக்கிவிட்டது. துணியில் ஏற்றியிருந்த வண்ணத்தையெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பிறந்த ஊரில் சூரியன் எந்தப் பக்கம் என்று தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆளாகிவிட்டேன், பார்.

இப்போது காலைக் காட்சியாக மாற்றிவிட்டேன். என் அறையில் ஒரே ஜன்னல், வடக்கே பார்த்தது. எட்டிலிருந்து பதினொன்று வரை வரும் வெளிச்சத்தில் மட்டும்தான் தீட்டுகிறேன். பல்பு வெளிச்சத்தில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருமுறை அப்படித் தீட்டி, காலையில் பார்த்தால் கப்பல் பாய் முழுக்கக் காமாலை.

கப்பலுக்கு எத்தனை பாய், எத்தனை கயிறு என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் காலை வெயில் எப்படி இருந்தது என்று எதிலும் இல்லை. ஆனால் கப்பல்தான் போய்விட்டது. வெயில் இன்னும் அங்கேயே வந்துகொண்டிருக்கிறது. அதை நீ பார்த்து எழுது.

நைனாவின் பழைய வேட்டியை மூங்கிலில் கட்டி, நம் குப்பத்து மணலில் கடலைப் பார்த்து நட்டுவை. ஆறரை, ஏழரை, ஒன்பது மணிக்கு வேட்டி என்ன நிறம், மேலே எப்படி, கீழே எப்படி, நிழல் என்ன நிறம் என்று எழுது. கற்பனை வேண்டாம், கண்ணால் பார்த்தது மட்டும்.

நைனாவையும் பார். வெயில் அவர் முகத்தில் எங்கே விழுகிறது என்று.

அண்ணன்
தேசப்பன்

•

(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

கும்மிடிப்பூண்டி
20 பிப்ரவரி 1974

அண்ணா,

கண்ணால் பார்த்தது மட்டும் என்றாய். சரி, எழுதுகிறேன்.

நாங்கள் குப்பத்தில் இல்லை. ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. பலகை பிளந்துபோனது. நைனாவை மற்றவர்கள் இழுத்துப் போட்டார்கள், ஆனால் படகு வலது தோள்மேல் விழுந்துவிட்டது. இப்போது அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பாது. கையெழும்பாத ஆளைப் படகில் யார் ஏற்றுவார்கள்? மார்கழியில் மாமா வந்து எங்களை இங்கே கூட்டிவந்துவிட்டார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே அறை. நைனாவுக்கு ஓர் இரும்புக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை.

உனக்கு எழுதப்போனேன். நைனா காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, “பெரியவனுக்கு எழுதாத. அவன் வந்து பாத்தான்னா இந்தச் சட்டையோட நான் எங்க போயி ஒளிவேன்?” என்றார். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசியதே இல்லை.

நான் பள்ளிக்கூடம் போவதில்லை. இங்கே யாரை ஏமாற்றினாலும் யாரும் சிரிப்பதில்லை. குப்பத்தில் ஒருத்தர் செருப்பு காணாமல்போனால் ஊரே என் பெயரைச் சொல்லிக் கத்தும். இங்கே பக்கத்து வீட்டு மணியம்மாளின் செருப்பைக் கூரைமேல் வைத்தேன். பாவம், நாய் தூக்கிப் போயிற்று என்று புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். குறும்பு செய்வதற்குக்கூட நம் பெயர் தெரிந்த நாலு பேர் வேண்டும்.

நீ வந்தால் நன்றாயிருக்கும். ஆனால் வந்தால் உன் படம் போய்விடும். நைனா தலையைத் தொங்கப்போட்டுவிடுவார். அதனால் இதை அனுப்பப்போவதில்லை.

அஞ்சு

•

பழவேற்காடு
22 பிப்ரவரி 1974

மாண்புமிகு அண்ணனுக்கு,

உன் சளிக்கு மிளகு, உன் சந்தேகத்துக்கு நான். இரண்டும் காரமாக இருக்கும். நைனாவின் முதுகுவலி போய்விட்டது, எங்கே போனது என்று சொல்லவில்லை.

வெயில் இலாகாவின் அறிக்கை பின்வருமாறு. எட்டடி மூங்கில். வேட்டி ஒன்று, கிழிசல் மூன்று.

ஆறரை: வேட்டி ரோஜா நிறம். சூரியன் வந்தும் வராமலும் இருந்ததால் லேட் மார்க் போட்டிருக்கிறேன்.

ஏழரை: மேல்பாதி முட்டை ஓட்டு வெள்ளை. கீழே வர வர மங்கல், செங்கல் தூளைத் தடவிய மாதிரி. கடைசி ஒரு முழம் இருட்டு. நிழலின் நீளம் முப்பதடி. நீலம் கம்மி, பழுப்பு ஜாஸ்தி.

ஒன்பது: சுண்ணாம்பு வெள்ளை, கண் கூசுகிறது. நிழல் பன்னிரண்டடி, அதே பழுப்பு. அடிப்பக்கம் இன்னும் செங்கல்.

குப்பத்தில் எல்லாரும் இது எந்தக் கட்சிக் கொடி என்று கேட்டார்கள். வெளிச்சக் கட்சி, அடுத்த தேர்தலில் சூரியனே நிற்கிறார் என்றேன்.

நைனா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் போகும்போது இருட்டு, வரும்போது உச்சிவெயில். பிறகு பார்க்கிறேன்.

சாப்பாட்டை விடாதே.
அஞ்சம்மாள்

•

பரேல்
16 மார்ச் 1974

அன்புள்ள அஞ்சு,

சளி போய்விட்டது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் அறிக்கையை ஜன்னல் பக்கத்தில் ஒட்டிவைத்து, அதன்படியே பத்து நாள் கப்பலின் பெரிய பாயைத் தீட்டினேன். மேலே முட்டை ஓடு, கீழே செங்கல் மங்கல். தீட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். கப்பல் தரையில் நின்றது. சுற்றிலும் எவ்வளவு நீலம் பூசினாலும் அது மிதக்க மறுத்தது.

ஏன் என்று நாலு நாள் யோசித்தேன். நம் குப்பத்து மணலில் காலையில் நிற்கிறவனுக்கு இரண்டு சூரியன். ஒன்று மேலே, ஒன்று தண்ணீரில். தண்ணீரில் பட்ட வெயில் திரும்பிக் கீழேயிருந்து அடிக்கும், வெள்ளை மணலும் சேர்ந்துகொள்ளும். அங்கே எந்தப் பொருளுக்கும் அடிப்பக்கம் இருட்டாகாது. தாடைக்குக் கீழேகூட வெளிச்சம் இருக்கும். அம்மா இருந்தபோது மீன் கூடையோடு நிற்பாளே, அந்தக் கூடையின் அடிகூட மினுங்கும். அந்தக் கீழ்வெளிச்சம்தான் கப்பலைத் தண்ணீரில் மிதக்கவைப்பது.

உன் வேட்டியில் அது இல்லை. செங்கல் நிறம் இருக்கிறது. நிழலில் பழுப்பு இருக்கிறது. அது செம்மண்ணின் வெளிச்சம். நம் குப்பத்தில் கைப்பிடிச் செம்மண் கிடையாது.

நீ பொய்யாக எழுதியிருந்தால் அழகாக எழுதியிருப்பாய். இது பார்த்து எழுதியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

அஞ்சு, நீ எங்கே நிற்கிறாய்?

தேசப்பன்

•

கும்மிடிப்பூண்டி
2 மே 1974

அண்ணாவுக்கு,

ஒன்றரை மாதம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். இதற்கிடையில் நீ எழுதிய இரண்டு கார்டும் வந்தன. ஐந்து முறை பதில் எழுதினேன். ஐந்தும் வேடிக்கையாக இருந்தன, அதனால் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரியில் எழுதி அனுப்பாத ஒரு கடிதம் இந்தக் கவருக்குள் இருக்கிறது. முதலில் அதைப் படி.

படித்தாயா? இப்போது மேலே சொல்கிறேன். ஆறரை மணி ரோஜா நிறம் மட்டும் ஞாபகத்திலிருந்து எழுதியது. கம்பெனி மதில் மறைப்பதால் ஏழேகாலுக்கு மேல்தான் இங்கே சூரியன் தெரியும். மற்றதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்மண்ணில் வேட்டியை நட்டு, உண்மையாகவே பார்த்து எழுதினேன். ஒரு வேட்டி என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஊரையே ஏமாற்றினவள், செங்கல் நிறத்தில் மாட்டிக்கொண்டேன்.

நைனா வேலைக்குப் போகிறார், வருகிறார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் என் பங்கையும் அவர் பங்கையும் சேர்த்துப் பேசுகிறேன். உன் படத்தில் அவர் இருக்கிறார் என்று ஜனவரியிலேயே சொன்னேன். “கடல்லயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வராதே அண்ணா. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. நீ திடீரென்று வந்து நின்றால் அவர் எழுந்து எங்கேயாவது போய்விடுவாரோ என்று பயமாயிருக்கிறது.

வரவே வராதே என்று சொல்லவில்லை.

அஞ்சம்மாள்

•

பரேல்
14 மே 1974

அன்புள்ள அஞ்சுவுக்கு,

இந்தச் சீட்டு உனக்கு மட்டும். நைனா பார்க்காத இடத்தில் வைத்துக்கொள்.

ரயில் ஸ்டிரைக்குக்கு முதல் நாள் உன் கவர் வந்தது, அன்றே வி.டி. ஸ்டேஷனுக்குப் போனேன். மெட்ராஸ் வண்டிக்கு டிக்கெட் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது விலகி வந்துவிட்டேன். படத்துக்காக இல்லை, நம்பு. அவர் கூப்பிடாமல் நான் வந்து நின்றால், அவரைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆகிவிடும். சின்னப் பிள்ளையை இருட்டு அறையில் தனியாக விட்டுவந்த மாதிரி உன்னை விட்டுவந்திருக்கிறேன் என்பதும் தெரியும். அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இதோடு இருக்கும் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டு. அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஏமாற்று வேலைதான். உனக்குப் பழக்கமானது, குரல் நடுங்காமல் படி. ஆனால் நான் கேட்டிருக்கும் கேள்வி நிஜமானது. அதற்குப் பதில் தெரியாமல் பத்து நாளாகத் தூரிகை நின்றுபோயிருக்கிறது.

அண்ணன்

•

மதிப்புக்குரிய நைனா அவர்களுக்கு,

தேசப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் உடம்பும் கடலும் எப்படி என்று அறிய ஆசை.

படத்தில் உங்கள் முகம் மட்டும் வரவில்லை. துணிமூட்டைப் படகு காலையில் கடலுக்குள் போகிறது. சூரியன் நேர் எதிரே. உங்களை நிமிர்ந்து கப்பலைப் பார்க்கிற மாதிரித் தீட்டினேன். வெயில் முகம் முழுக்க விழுந்தது. பார்க்க ராஜா மாதிரி இருந்தது, படகோட்டி மாதிரி இல்லை. அழித்துவிட்டேன்.

எனக்கு ஏழு வயதில் ஒருநாள் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். நடுவில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே அலையையும் பார்க்கவில்லை. எதிர்வெயிலில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது எங்கேதான் பார்ப்பீர்கள்?

தெரிந்துகொள்ள உங்களைத் தவிர எனக்கு ஆளில்லை.

உங்கள் மகன்
தேசப்பன்

•

கும்மிடிப்பூண்டி
27 மே 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாமாவும் நாங்களும் சுகம். நீ சுகமாக இருக்கவேண்டும்.

குரல் நடுங்காமல் படித்தேன். நைனா கேட்டுவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் மதிலைத் தாண்டியதும் என்னை வெளியே கூப்பிட்டார். பெஞ்சைத் தூக்கிச் செம்மண்ணில் போட்டு அதன் ஒரு முனையில் நின்றுகொண்டார். “முன்னால போயி நில்லு. சூரியனுக்கும் எனக்கும் நடுவுல” என்றார். நின்றேன். ஒரு செங்கல்மேல் ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார், இரண்டு செங்கல்மேல் ஏறச் சொன்னார். என் நிழல் அவர்மேல் ஏறி இறங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே, எழும்பாத வலது கையோடு இடது கையையும் சேர்த்து இல்லாத துடுப்பை அழுத்தினார். அவ்வளவு நேரம் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மணியம்மாள் வீட்டார் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, “அவனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

எத்தனையோ பொய் கைவசம் இருந்தது அண்ணா. ஒன்றும் வரவில்லை. தெரியும் என்றேன்.

காகிதம் எடுத்து வரச் சொன்னார். கீழே இருப்பது அவர் சொன்னது. நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

“தேசப்பா, நைனா சொல்றேன். நல்லா இருக்கியா, வேளைக்குத் துன்றியா.

எதிர் வெயில்ல முன்னால பாக்கறவன் படகைக் கவுத்துடுவான். கண்ணு கூசும், அலை தெரியாது. முன்னால தண்டுத் துடுப்பு போடறவன் நெழலு என் காலாண்ட விழும். படகு மூக்கைத் தூக்குச்சின்னா நெழலு மொழங்காலுக்கு ஏறும். எறங்குச்சின்னா பலகைக்கு வந்துடும். அதைப் பாத்துக்கினேதான் துடுப்பை அழுத்துவேன். அதான் உன்னையும் பாக்கல, அலையையும் பாக்கல. நீ என் மொகத்தைக் குனிய வெய். தண்ணி வெளிச்சம் தாவாங்கட்டையில அடிக்கட்டும், அது போதும்.

ஐப்பசியில அன்னிக்கு மேகம் வந்து வந்து போச்சு. நெழலு விழுந்துச்சு, போச்சு, மறுபடி விழுந்துச்சு. கணக்கு தப்பிடுச்சு. இத்த நான் யாராண்டயும் சொல்லல. நீ கேட்டதால சொல்றேன்.

இப்ப நான் கடல்ல இல்ல. காக்கிச் சட்டை போட்டுக்கினு கம்பெனி கேட்டாண்ட நிக்கிறேன். உனக்குத் தெரியும்னு அஞ்சு சொல்லிடுச்சு. தெரிஞ்சா தெரியட்டும்.

படத்தைப் பாதியில உட்டுட்டு வராத. முடிச்சுட்டு வா. ரயிலடியிலேர்ந்து நேரா கேட்டாண்டயே வா, ஊட்டுக்குப் போயி காத்துக்கினு இருக்காத.

இங்க வர்றவங்க யாரா இருந்தாலும் மூணு கேக்கணும். பேரு இன்னா, எங்கேர்ந்து வர்றே, யாரைப் பாக்கணும். மேனேஜரு மச்சான் வந்தாலும் மூணும் கேட்டுத்தான் உள்ள உடுவேன்.

நீ வந்தா ஒண்ணும் கேக்கமாட்டேன்.”